சரியா தாத்தா என்று கேட்காதே

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்து நான் ஈஸிசேரில் சாய்ந்த நேரம் பார்த்து, கணக்கு நோட்டோடு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வீட்டுப்பாடம் இதுதான்: (0, 4), (3, 2), (4, 1), (6, 0) ஆகிய வரிசைச் சோடிகளில் எவை 2 எக்ஸ் + 3 ஒய் = 12 என்ற சமன்பாட்டை நிறைவு செய்யும் எனச் சரிபார்க்க.

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நோட்டில் மூன்று டிக், ஒரு பெருக்கல் குறி போட்டு முடித்துவிட்டாள்.

"சரியா தாத்தா?"

"போட்டுப் பாத்தியாடா கண்ணா?"

"போன்ல காமிச்சேன். அது சொல்லிடுச்சு. நீங்க சரியான்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. கணக்கே "சரிபார்" என்பதுதான். அதை அவள் போனிடம் கொடுத்துவிட்டாள். போன் சொன்னது சரியா என்று பார்க்கும் வேலையை என்னிடம் கொடுக்கிறாள். நடுவில் அவளுக்கு என்ன வேலை?

பள்ளிக்கூடத்தை விட்டு ஐம்பது, அறுபது வருஷம் ஆன நண்பர்களுக்காக இந்தக் கணக்கு என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சோடியில் முதல் எண்ணை எக்ஸ் இருக்கும் இடத்தில் போட வேண்டும், இரண்டாம் எண்ணை ஒய் இருக்கும் இடத்தில். (3, 2) என்றால் இரண்டு மூன்று ஆறு, மூன்று இரண்டு ஆறு, கூட்டினால் 12. வலப்பக்கமும் 12. பொருந்திவிட்டது. (4, 1) என்றால் எட்டும் மூன்றும் 11. வலப்பக்கம் 12. பொருந்தவில்லை. பதினொன்று பன்னிரண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, சமமாக இருப்பது வேறு. அவ்வளவுதான் கணக்கு. பெருக்கலும் கூட்டலும் தெரிந்த யாரும் செய்துவிடலாம்.

இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதை யாரும் மதிப்பதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த நானும் மதித்ததில்லை. "இது ஈஸி, வீட்டுல போட்டுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குத் தாவியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. பள்ளிக் கணக்கிலேயே முக்கியமான பாடம் இதுதான். ஏனென்றால் இந்த ஓர் இடத்தில் பிள்ளைக்கு வாத்தியார் வேண்டாம், புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடை வேண்டாம், பக்கத்து பெஞ்சுப் பையன் வேண்டாம். சரியா தப்பா என்று தானே தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை யாரும் மாற்ற முடியாது, தலைமையாசிரியர் வந்தாலும்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் அல்ஜீப்ரா படித்தவர் இல்லை. என் அப்பா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார்.

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் ஞாபகம் இருக்கும். அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய காசும் புதுக் காசும் கொஞ்ச காலம் ஒன்றாகவே புழங்கின. எந்த அணாவுக்கு எத்தனை நயா பைசா என்று அச்சடித்த அட்டை ஒன்று கடைச் சுவரில் தொங்கியது. ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25.

இப்போது அந்த அட்டையை ஒன்பதாம் வகுப்புக் கணக்காகப் பாருங்கள். அணாவை எக்ஸ் என்றும் நயா பைசாவை ஒய் என்றும் வைத்துக்கொண்டால் சமன்பாடு 25 எக்ஸ் = 4 ஒய். (16, 100) போட்டால் இரண்டு பக்கமும் 400. சரி. (4, 25) போட்டால் இரண்டு பக்கமும் 100. சரி. (1, 6) போடுங்கள். இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 24. பொருந்தாது. (2, 12) போட்டால் 50, 48. பொருந்தாது. (3, 19) போட்டால் 75, 76. அதுவும் பொருந்தாது. சுவரில் தொங்கிய அட்டையில் நாலின் மடங்குகள் மட்டும்தான் சமன்பாட்டுக்கு உண்மையாக இருந்தன. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட.

அப்பாவுக்கு எக்ஸ் தெரியாது, ஒய் தெரியாது. ஆனால் இது தெரிந்திருந்தது. எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி ஒரு நாளில் நாலு தடவை வருவாள். ஒவ்வொரு தடவையும் ஓர் அணாவுக்கு ஏதாவது வாங்குவாள். தடவைக்கு ஆறு நயா பைசாவாக மொத்தம் 24 கொடுத்துவிட்டுப் போவாள். அதே சாமானை மொத்தமாக வாங்கியிருந்தால் 25. ராத்திரி கல்லாவை எண்ணும்போது அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைக் காட்டினார்.

"அப்போ அட்டை தப்பாப்பா?" என்று கேட்டேன்.

"தப்பு இல்லடா. கால் பைசா, அரைப் பைசான்னு காசு அடிக்கல. அதனால அப்படித்தான் போட முடியும். தப்பு இல்ல, ஆனா சமமும் இல்ல. சொவத்துல தொங்குதேன்னு நம்பிடாத, பெருக்கிப் பாரு."

பாட்டியிடம் அந்த ஒரு பைசாவை அவர் கேட்கவில்லை. மூன்று அணாவுக்கு 19 பைசா கொடுத்து வாங்கிப் போகிறவர்களிடமிருந்து அது திரும்பி வந்துவிடும் என்பார். ஆனால் எங்கே எவ்வளவு இடறுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் விட்டுக்கொடுப்பது வேறு, தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு.

அப்படிப்பட்டவரின் பிள்ளை நான். அதனால்தான் இனி சொல்லப்போவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1984 என்று நினைவு. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. 2 எக்ஸ் + 3 ஒய் = 12, இதன் தீர்வு ஒன்றைக் காண்க என்று ஓர் இரண்டு மதிப்பெண் கேள்வி. போன ஞாயிறு பேத்தியின் நோட்டில் இருந்த அதே சமன்பாடு. என் கையில் இருந்த விடைக்குறிப்பில் (3, 2) என்று இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, அறுபது தாளுக்கு மேல் இருந்த கட்டில், வேகமாகத் திருத்திக்கொண்டு போனேன். ஒரு பெண் (−3, 6) என்று எழுதியிருந்தாள். குறிப்பில் இருக்கும் விடை இல்லை. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் தாள் கொடுத்த பிறகு அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். தாளைக் காட்டி, "சார், இதுவும் வருது சார்" என்றாள். சத்தமே வரவில்லை. நான் தாளைச் சரியாகப் பார்க்கவில்லை. "விடைக்குறிப்புல இப்படித்தாம்மா இருக்கு. போய் உக்காரு" என்றேன். போய் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு பெருக்கல் −3 என்றால் −6. மூன்று பெருக்கல் 6 என்றால் 18. கூட்டினால் 12. சரிதான். இருந்த கேள்வி "தீர்வு ஒன்றைக் காண்க" என்பது. அந்தச் சமன்பாட்டுக்கு எண்ணற்ற தீர்வுகள் உண்டு. எங்கள் விடைக்குறிப்பில் இருந்தது அவற்றில் ஒன்று, அவ்வளவே.

அதே வாரம் வரைபடம் நடத்தினேன். கரும்பலகையில் அச்சுகள் வரைந்து, அதே சமன்பாட்டுக்குப் புள்ளிகள் குறித்தேன். (6, 0) ஒரு புள்ளி, (3, 2) ஒரு புள்ளி, (0, 4) ஒரு புள்ளி. அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன். (0, 4) வந்தபோது எனக்குத் திடீரென்று புரிந்தது. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நீட்டினால், மூன்று கட்டம் இடது, இரண்டு கட்டம் மேலே, கோடு நேராக அவள் எழுதிய (−3, 6) வழியாகப் போகும்.

நான் கோட்டை (0, 4) இலேயே நிறுத்திவிட்டேன்.

நேர்கோட்டுக்கு இரண்டு பக்கமும் முடிவில்லை என்று அதற்கு முந்தின நாள்தான் அந்த வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் கரும்பலகையைப் பார்த்தாள், தன் நோட்டைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் கடைசிவரை கொடுக்கவில்லை. வருஷம் முடியும்வரை அவள் என் மேசைக்கு வந்து ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறாளோ. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பாள்.

இரண்டு மதிப்பெண் போனதில் பெரிய நஷ்டம் இல்லை. அவள் சரிபார்த்திருந்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என்று தன் கண்ணால் பார்த்திருந்தாள். அப்படிப் பார்த்த பிறகும், வாத்தியார் சொன்னால் அது தப்பு என்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். கணக்குப் பாடத்தில் இதைவிடப் பெரிய தப்பை ஒருவர் சொல்லிக்கொடுக்க முடியாது.

என் பேத்தி போனைக் கேட்பதைப் பார்த்து இந்தக் காலப் பிள்ளைகளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு என் சிவப்பு மை, இந்தப் பெண்ணுக்குக் கையில் போன். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழக்குகின்றன.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் காலை நடையின்போது இதற்கு மறுப்புச் சொன்னார். "போன் சரியாத்தானே சார் சொல்லுது? கஷ்டமான கணக்கையே அது போடுது. இதுக்குப் போய் ஏன் அலட்டிக்கறீங்க?" போன் சரியாகத்தான் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. கண்டுபிடிக்கும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், சரிபார்க்கும் வேலையைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஓர் உதாரணம். 29 எக்ஸ் − 17 ஒய் = 1. முழு எண்களில் ஒரு சோடி கண்டுபிடியுங்கள். பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நம்மில் பலருக்கு அரை மணி நேரம் ஆகும். இந்த மாதிரிக் கணக்குக்கு ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டீயத்தில் வழி சொல்லியிருக்கிறார். பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சின்னதாக்கிக்கொண்டே போகிற முறை. பிற்பாடு வந்தவர்கள் அதைக் குட்டகம் என்றார்கள், இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். அந்த வழி எல்லோருக்கும் தெரியாது. ஆனால் விடை (10, 17) என்று யாராவது சொன்னால், சரியா என்று பார்க்க ஆரியபட்டர் வேண்டுமா? 290இல் 289 போனால் 1. முடிந்தது. கண்டுபிடிக்க மேதை வேண்டும். சரிபார்க்க வாய்ப்பாடு போதும். மேதையாக இல்லாத நமக்குக் கணக்கு கொடுத்திருக்கும் பெரிய பலம் அது. அதையும் வாடகைக்கு விட்டுவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு மருந்துக் கடைக் கதை. போன மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சர்க்கரை மாத்திரை மூன்று அட்டையும் பிரஷர் மாத்திரை நாலு அட்டையும் கேட்டேன். சர்க்கரை மாத்திரை அட்டை 42 ரூபாய், பிரஷர் மாத்திரை அட்டை 65 ரூபாய். பில் 386 ரூபாய். மூன்று 42 என்றால் 126, நாலு 65 என்றால் 260, கூட்டினால் 386. பில் சரி. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் சர்க்கரை மாத்திரை நாலு அட்டை, பிரஷர் மாத்திரை மூன்று அட்டை. அதற்குக் கணக்குப் போட்டால் 168உம் 195உம் சேர்ந்து 363தான். கடைப் பையன் வேண்டுமென்று செய்யவில்லை, இடம் மாற்றிவிட்டான். திரும்பிப் போய்ச் சொன்னதும் மாற்றிக் கொடுத்தான். 23 ரூபாய் பெரிதில்லை. மாதக் கடைசியில் பிரஷர் மாத்திரை இல்லாமல் நிற்பது பெரிது.

"வரிசைச் சோடி"யில் அந்த "வரிசை" எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன். (3, 4) வேறு, (4, 3) வேறு. அப்பா கடையில் (4, 25) என்றால் நாலணாவுக்கு 25 நயா பைசா. (25, 4) என்றால் இருபத்தைந்து அணாவை வாங்கிக்கொண்டு நாலு பைசா தருவது. கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

சரிபார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சோடி பொருந்திவிட்டது என்பதற்காகச் சமன்பாடே சரி என்று ஆகிவிடாது. (16, 100) என்ற சோடி 25 எக்ஸ் = 4 ஒய் என்பதற்கும் பொருந்தும், ஒய் = எக்ஸ் + 84 என்பதற்கும் பொருந்தும். ஒரே புள்ளி வழியாக எத்தனையோ கோடு போகும். இரண்டாவதாக (4, 25) போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். 4உடன் 84ஐக் கூட்டினால் 88, 25 இல்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இந்தக் கஷாயத்துல சர்க்கரையே போயிடுச்சு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். அது ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி எங்கே என்று கேட்பேன். அதேபோல இரண்டு சமன்பாடு சேர்ந்து வரும்போது, முதலாவதில் பொருந்தியதும் பேனாவை மூடிவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் உபதேசம் செய்ய முடியாது. அவர்கள் சுமை எனக்குத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சியை "ஈஸி" என்று தாண்டாதீர்கள். நாலு சோடி கொடுத்துச் சரிபார்க்கச் சொன்ன பிறகு, ஐந்தாவது சோடியைப் பிள்ளையே உண்டாக்கட்டும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது விதமான விடை வரும். அத்தனைக்கும் நீங்கள் டிக் போட வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். விடைக்குறிப்பில் இல்லாத விடையோடு ஒரு பிள்ளை மேசைக்கு வந்தால், தாளைக் கையில் வாங்கி இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல் போடுங்கள். கால் நிமிஷம் ஆகாது.

நம் மாதிரி தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று. பேரப்பிள்ளை நோட்டைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் ஆசையாக உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். நமக்குக் கணக்கு மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. "போட்டுப் பாத்தியா?" என்று கேட்க அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை முடித்துவிடுகிறேன். போனை டீப்பாயில் வைக்கச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. நாலு சோடியையும் அவளே போட்டுப் பார்த்தாள். பிறகு நான் ஒரு சோடி கொடுத்தேன், (−3, 6).

"கழித்தல் எண்ணெல்லாம் எங்க புத்தகத்துல இந்தக் கணக்குல இல்லையே தாத்தா. வராதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காத. போட்டுப் பாரு."

பென்சிலைக் கடித்துக்கொண்டு எழுதினாள். −6, அப்புறம் 18, அப்புறம் 12. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருது தாத்தா" என்றாள். சரியா என்று என்னைக் கேட்கவில்லை.

கிராஃப் தாள் ஒன்று எடுத்து வரச் சொன்னேன். (6, 0), (3, 2), (0, 4) மூன்றையும் அவளே குறித்தாள். அளவுகோலைப் பிடித்துக்கொண்டேன். (0, 4) வந்ததும் பென்சிலை எடுக்கப் போனாள். "நிறுத்தாத, இடது பக்கம் நீட்டு" என்றேன்.